மகனுக்காக வரைந்த படங்கள்

நம் சங்கத்தின் மாத இதழுக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் இருமுறை கேட்டுவிட்டார்கள். நான் எழுத்தாளன் அல்லேன். பத்தாம் வகுப்பு வரை படித்து, இரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாகக் காலம் கழிப்பவன். நாள் முழுதும் நான் எழுதுவன எல்லாம் மூட்டையின் எடையும், கட்டணமும், போய்ச் சேரவேண்டிய ஊரின் பெயருமே. ஆயினும் சென்ற ஓண விடுமுறையில் எங்கள் இல்லத்திற்கு வந்த அன்பர்கள் சிலர், சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் கண்டு, "இவற்றை வரைந்தவர் யார்?" என்று வினவினார்கள். நான்தான் என்றேன். "அப்படியானால் இயேசு பெருமானுக்கு ஏன் நம் ஊர்க் கூலியாளின் முகம்?" என்று அடுத்த வினா எழுந்தது. அன்று காப்பி ஆறுகிறதென்று சொல்லி மழுப்பிவிட்டேன். அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் நாகர்கோவிலை அடுத்த மயிலாடி. அவ்வூர் இரண்டு காரியங்களுக்குப் பெயர் பெற்றது. ஒன்று, கற்சிற்பம், இன்றும் அங்கே தெருவுக்குத் தெரு உளிச்சத்தம் கேட்கலாம். மற்றொன்று, 1806-ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் போதகர் வந்து தங்கி, தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன் பணியைத் தொடங்கிய இடம் அது. இவ்விரண்டு பெருமைகளும் என் பாட்டனார் வீட்டில் ஒன்றாகக் குடியிருந்தன. வாரத்தில் ஆறு நாள் அவர் ஒரு சிற்பக்கூடத்தில் கல் பொளிந்து கொடுப்பார். பிள்ளையாரும் அம்மனும் அவர் கண்முன்னே உருப்பெறுவார்கள். ஏழாம் நாள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, உருவம் ஒன்றும் இல்லாத வெள்ளைச் சுவர் ஆலயத்தில் போய் அமர்ந்துகொள்வார். நம் இதழைப் படிக்கும் பிற சமய அன்பர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். கத்தோலிக்க சகோதரர்களின் கோவில்களில் சுரூபங்கள் உண்டு. எங்கள் சபை மரபிலோ ஒரு வெறும் சிலுவையைத் தவிர வேறொன்றும் வைப்பதில்லை. உருவம் செய்யலாகாது என்னும் கட்டளையை எங்கள் முன்னோர் மிகக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டார்கள். என் அன்னையாரும் அவ்வழியில் வந்தவர்களே.

1979-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருவனந்தபுரம் – நாகர்கோவில் இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் பின் சில ஆண்டுகளில் என் தந்தையார் கல்லுளியை விட்டுத் தண்டவாளத்திற்கு வந்தார். கேங்மேனாகச் சேர்ந்து, பின் கீமேனாகி, சுத்தியலையும் ஸ்பானரையும் தோளில் சுமந்து, நாளெல்லாம் பாதையை நடந்து பார்ப்பதே அவர் தொழில். 2008-இல் மாரடைப்பால் காலமானார். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. முதலில் கலாசி; பிறகு இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா. வரைவது மட்டும் சிறுவயது முதல் கூடவே வந்தது. யாரும் கற்றுத் தரவில்லை. அடுப்புக்கரியும் சுவரும் இருந்தால் போதும்; அடி வாங்கும் வரையில் வரைவேன்.

இனி விஷயத்திற்கு வருகிறேன். 2015-இல் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு ஒன்றேகால் வயதானபோது, விஷுவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சரவெடி கொளுத்தினார்கள். தெருநாய்கள் எல்லாம் ஓடி ஒளிந்தன. என் மகன் தூக்கம் கலையாமல் கிடந்தான். என் மனைவி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவருமே ஒன்றும் பேசவில்லை. பிறகு மருத்துவர்கள், சோதனைகள், படமெடுப்புகள். செவி நரம்பே சரிவர வளரவில்லை, ஆதலால் உள்ளே கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையாலும் பெரும் பயன் விளையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். என் அன்னையார் நாற்பது நாள் உபவாசம் இருந்தார்கள். ஜெபக் கூட்டங்களில் அவன் தலைமேல் கை வைத்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு எண்ணிக்கை இல்லை. ஒரு கூட்டத்தில், பெற்றோரின் விசுவாசக் குறைவே காரணம் என்று ஒருவர் மேடையிலிருந்து சொன்னார். அன்று எழுந்து வந்தவன், ஏறத்தாழ ஓராண்டு நான் வாய்விட்டு ஜெபிக்கவே இல்லை. ஞாயிறுதோறும் ஆலயத்திற்குப் போவேன், உதடுகள் அசையும், அவ்வளவே.

எங்கள் வீட்டில் இரவு உணவுக்குப் பின் வேதம் வாசித்துக் கதை சொல்வது வழக்கம். என் அன்னையார் நன்றாகச் சொல்வார்கள். தாவீது கல்லெறியும் இடம் வந்தால் நாமே குனிந்துகொள்வோம். மகன் அவர்கள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு மின்விசிறியைப் பார்ப்பான். பிறகு உறங்கிவிடுவான். விசுவாசம் என்பது செவி வழியே வருவது என்று பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் கூறுகிறார். அதைப் பிரசங்கங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஓர் இரவு உறங்கிப்போன பிள்ளையைத் தூக்கிப் படுக்கவைக்கும்போதுதான் அந்த வாக்கியம் என்னைச் சுட்டது. செவியே திறவாதவனுக்கு அது எவ்வழியே வரும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான் அல்லேன் என்பது பின்னர்த் தெரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தெ லெப்பே என்னும் பாதிரியார், செவி கேளாத சகோதரிகள் இருவரைக் கண்டு, இவர்களுக்கும் வேதம் எட்டவேண்டுமே என்று கவலைப்பட்டு, கைச்சைகையால் கல்வி தரும் பள்ளியைத் தொடங்கினார். நம் தமிழ்நாட்டிலும் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் என்னும் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கேளாதோருக்கென ஒரு பள்ளியை நிறுவினார். அஃது இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. படத்தைப் பற்றிய வழக்கு இன்னும் பழையது. கி.பி. 600-ஐ ஒட்டி, மார்செய் நகரத்து ஆயர் செரேனஸ் தம் கோவில்களில் இருந்த உருவங்களை உடைத்தெறிந்தார். அதற்கு ரோமாபுரியின் முதலாம் கிரகோரி பாப்பரசர் கடிதம் எழுதிக் கடிந்துகொண்டார். படத்தை வணங்குவது வேறு, படத்தின் மூலம் கற்பது வேறு. எழுத்தறியாதவர்கள் சுவரைப் பார்த்தாவது படிக்கட்டும் என்பது அவர் கருத்தின் சாரம். எழுத்தறியாதவனுக்குச் சொன்னது செவியற்றவனுக்கும் பொருந்தாதோ? அவர் கத்தோலிக்கர்தாமே என்று என் அன்னையார் சொல்லக்கூடும். அப்போது எல்லோரும் ஒரே சபைதான் என்று நான் மறுமொழி சொல்வேன்.

ஒரு லெந்து காலத்தின் முதல் நாளில் தொடங்கினேன். தாளுக்குச் செலவில்லை. சாலைக் கடைத்தெருவில் நம்மவர் கடைகள் ஆண்டுதோறும் தரும் சிவகாசி மாதக் காலண்டர்களின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று, கனமாக இருக்கும். ஒரே தடை, என் அன்னையார். அவர்கள் பால் கணக்கை அந்தத் தாளில்தான் குறிப்பார்கள். மாதம் முடிந்து, பால்காரருக்குப் பணமும் கொடுத்து முடிந்தாலன்றித் தாளைத் தொடவிடமாட்டார்கள். ஆகவே பழைய ஆண்டுகளின் காலண்டர்களைத் தேடிப் பிடித்தேன். கரித்துண்டும், இரண்டு மூன்று போஸ்டர் கலர்ப் புட்டிகளும் என் கருவிகள். நோவாவின் பேழையை முதலில் வரைந்தேன். மகன் அதில் ஏறும் விலங்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, அவற்றுக்குரிய சைகையைக் காட்டினான். யானைக்குக் கையைத் தும்பிக்கையாக வளைத்தான். அவன் பள்ளியில் கற்ற சைகைகளை நாங்கள் அவனிடம் கற்றோம். அன்று இரவு அவன் உறங்கவில்லை.

தொல்லை இயேசுவில் வந்தது. அவரை எப்படி வரைவது? என் சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் தொங்கிய பழைய படச்சுருளில் அவருக்குப் பொன்னிற முடியும் நீலக் கண்களும் இருந்தன. அதையே நினைவிலிருந்து வரைந்து மகனிடம் காட்டினேன். அவன் படத்தைப் பார்த்தான்; முகம் மலர்ந்தது; உடனே ஒரு சைகை காட்டினான். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: கோவளம் கடற்கரையில் வெயில் காயும் வெள்ளைக்காரர்களுக்கு அவனே உண்டாக்கி வைத்திருந்த சைகை அது! நானும் என் மனைவியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்த பின் எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளை சொன்னதில் பிழை என்ன?

ஒரு முகம் நம் மனத்தில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா 1894-இல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் நிறுவினார். அதன் பின் இலக்குமிக்கும் சரசுவதிக்கும் வீட்டுக்கு வீடு ஒரே முகம் ஆயிற்று. அமெரிக்காவில் சிகாகோ நகரத்து வார்னர் சால்மன் என்பவர் 1940-இல் தீட்டிய கிறிஸ்துவின் முகமும் அவ்வாறே கோடிக்கணக்கில் அச்சாகி உலகைச் சுற்றியது. நம் ஊர்க் கிறிஸ்தவ இல்லங்களிலும் சட்டமிட்டுத் தொங்குகிறது. அச்சு இயந்திரம் ஊட்டிய முகத்தையே நாம் வேதத்தில் உள்ளதென்று நம்பிவிட்டோம். சுவிசேஷங்கள் நான்கில் ஒன்றேனும் அவர் நிறத்தையோ முகத்தையோ வருணிக்கவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

எங்கள் குடியிருப்புக்கு அருகே ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், மலையாளி, என் மீது அன்புடையவர். என் சங்கடத்தைக் கேட்டதும் அவர் ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். அதில்தான் ஆஞ்செலோ த பொன்சேகாவின் படங்களைக் கண்டேன். கோவாவில் 1902-இல் பிறந்த கத்தோலிக்கர். சாந்திநிகேதனத்தில் அவனீந்திரநாத தாகூர், நந்தலால் போஸ் ஆகியோரிடம் பயின்றவர். பூனாவில் ஓர் ஆசிரமத்தில் தங்கி, 1967-இல் மறையும் வரை நூற்றுக்கணக்கான படங்கள் தீட்டினார். அவர் படங்களில் மரியாள் சேலை உடுத்தியிருக்கிறாள். குழந்தையின் மேனி நம் பிள்ளைகளின் மேனி. அந்நாளில் சொந்தச் சமயத்தாரே சிலர் முகம் சுளித்தார்களாம். ஐரோப்பிய உடையில் இருந்தால்தான் தேவதாய் என்று பழகிய கண்களுக்குச் சேலை அவமரியாதையாகத் தோன்றிற்று போலும். சேலை உடுத்திய தம் சொந்தத் தாயை அவர்கள் என்னவென்று நினைத்தார்களோ! அந்தப் படங்களில் என்னைத் தொட்டது அழகு மட்டும் அன்று. யாரும் கேட்காமலே, பாராட்டும் எதிர்பாராமல், ஒரு மனிதர் தம் ஜெபத்தை வண்ணத்தால் செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

ஜோதி சாஹியைப் பற்றியும் ஆசிரியர் சொன்னார். 1944-இல் பூனாவில் பிறந்து, இலண்டனில் ஓவியம் பயின்று, பெங்களூரை அடுத்த சில்வேபுராவில் கலை ஆசிரமம் அமைத்தவர் அவர். நம் திருவனந்தபுரத்து லாரி பேக்கரோடும் பணிபுரிந்தவர். பேக்கரை நம்மில் அறியாதார் யார்? தம்பானூரில் நத்தைக்கூடு போலச் சுழன்று ஏறும் செங்கல் காப்பிக் கடையை வடிவமைத்தவர். இங்கே லயோலா வளாகத்தில் சிற்றாலயம் ஒன்றும் கட்டியவர். குவேக்கர் சபையைச் சேர்ந்த அவர், செலவைக் குறைப்பதையே ஒரு பக்தியாகக் கொண்டவர். காலண்டரின் பின்பக்கத்தில் வரையும் எனக்கு அது பெரிய ஆறுதல்!

அந்த ஆசிரியர்தாம் சேப்பாட்டுக்குப் போகச் சொன்னார். காயங்குளத்திற்கும் அரிப்பாட்டிற்கும் இடையே உள்ள சிறிய நிலையம் அது. அந்த ஊருக்கு எத்தனையோ பார்சலுக்குச் சீட்டு எழுதியிருப்பேன், இறங்கியது இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ் எடுத்துக்கொண்டு மகனுடன் போனேன். அங்குள்ள புனித ஜார்ஜ் ஆர்த்தடாக்ஸ் பள்ளியின் பலிபீடப் பகுதிச் சுவரில், கட்டங் கட்டமாக, நாற்பதுக்கு மேற்பட்ட காட்சிகள் பழைய முறையில் தீட்டப்பட்டுள்ளன. பழைய ஏற்பாடும் உண்டு, புதிய ஏற்பாடும் உண்டு. காவி, மஞ்சள், பச்சை என்று நம் மண்ணில் கிடைக்கும் வண்ணங்களே மிகுதி. கோடுகளில் கேரளக் கோவில் சுவரோவியமும் கடல் கடந்து வந்த பாணியும் கலந்திருக்கின்றன. நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது இப்பள்ளிக்கு இடர் நேருமோ என்று பலர் அஞ்சிப் போராடினார்கள். அங்கமாலியிலும் காஞ்ஞூரிலும் இவ்வாறு பழைய சுவரோவியங்கள் உண்டு. அங்கமாலியில் நரகத்தைத் தீட்டியிருப்பது புகழ்பெற்றது. மகன் இன்னும் சற்று வளரட்டும் என்று அதைத் தள்ளிவைத்திருக்கிறேன்.

சேப்பாட்டில் என் மகன் அரைமணி நேரம் கழுத்து வலிக்க நின்று பார்த்தான். ஒரு கட்டம் பார்ப்பான். என் கையை இழுத்துக் கதையைக் கேட்பான். நான் தெரிந்த சைகைகளால் சொல்வேன். அடுத்த கட்டத்திற்குப் போவான். வழிபாடு முடிந்து வீடு திரும்பியவர்களில் சிலர் எங்கள் கைகள் பறப்பதை நின்று பார்த்தார்கள். பாட்டு, பிரசங்கம், மணியோசை ஆகிய ஒன்றும் எட்டாத ஒருவனுக்கு அன்று ஒரு சுவர் முழுப் பிரசங்கம் செய்தது.

வீடு திரும்பி மீண்டும் வரைந்தேன். சிலுவை சுமக்கும் காட்சி. சுமப்பவரின் தோள் எப்படிச் சாயும், கழுத்து நரம்பு எப்படிப் புடைக்கும் என்பதை நான் புத்தகத்தில் பார்க்கவேண்டியதில்லை. பார்சல் மேடையில் நாள்தோறும் பார்க்கிறேன். கரி தானே ஓடிற்று. வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது திடுக்கிட்டேன். அந்தச் சாய்ந்த தோளும், ஒரு பக்கம் இழுத்த நடையும் ஸ்பானரைச் சுமந்து தண்டவாளத்தில் நடந்த என் தந்தையாருடையவை. முகமும் அவ்வாறே. நான் எண்ணி வரையவில்லை. அவர் இறந்த பின் அன்றுதான் முதன்முறையாக எனக்குக் கண்ணீர் வந்தது. ஓராண்டாக வாராத ஜெபமும் அப்போதே வந்தது. அது சொற்களாக வரவில்லை என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

என் அன்னையார் படத்தைக் கண்டார்கள். நெடுநேரம் நின்றார்கள். பிறகு, "அப்பாவ சாமியாக்காதே, மக்களே. அவரு நடந்தே தேஞ்சு போனவரு. அவரு முகத்தக் கர்த்தருக்கு ஒட்டவச்சா, கர்த்தருக்கும் அடுக்காது, அவருக்கும் அடுக்காது" என்றார்கள். நான் வாதிடவில்லை. மனிதனாக வந்தவர் யாரோ ஒரு மனிதனின் முகத்தோடுதானே வந்திருப்பார் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் என் தாயின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளக்கூடியவன் அல்லேன். பாட்டனார் உளியோடு வாழ்ந்தும் வீட்டில் உருவம் வைக்காததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். படம் வரைந்தவனே அதில் மயங்கிவிடுவது கூடும் என்பதையும் அறிவேன். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டவில்லை. பெட்டியில் இருக்கிறது. அதற்குப் பின் வரைந்தவற்றில் முகத்தை மாற்றினேன். தோளை மட்டும் மாற்ற முடியவில்லை. அன்பர்கள் கண்ட கூலியாள் முகத்தின் வரலாறு இதுவே.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில், தெக்கப்போலி நாட்டில் ஒரு செவிடனை இயேசு குணமாக்கிய கதை வருகிறது. 'செவிடன்' என்றே எங்கள் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. அச்சொல்லை வாசிக்கும் போதெல்லாம் யாரோ என் பிள்ளையைத் தெருவில் கூப்பிடுவது போல இருக்கும். நோவா, யோனா, நல்ல சமாரியன், கெட்ட குமாரன் என எல்லாம் வரைந்தேன். இக்கதையை மட்டும் மூன்று ஆண்டுகள் வரையவில்லை. வரைந்தால், மகன் கேட்பான். அவன் கேட்டால் என் கையில் விடை இல்லை.

சென்ற லெந்து காலத்தில் துணிந்து அந்த அதிகாரத்தை மெல்ல மெல்லப் படித்தேன். முன்னர்க் கவனியாத ஒன்று கண்ணில் பட்டது. இயேசு அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போகிறார். தம் விரல்களை அவன் காதுகளில் வைக்கிறார். நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். அதன் பிறகே ஒரு சொல் சொல்லுகிறார். அந்தச் சொல்லுக்கு முன் நடந்தவை எல்லாம் கேளாதவனுக்குக் கண்ணால் சொன்னவை அல்லவா! கைகளாலேயே அவனோடு பேசியிருக்கிறார். எத்தனை பிரசங்கங்களில் இக்கதையைக் கேட்டிருக்கிறேன்! எல்லோரும் கடைசிச் சொல்லையே பிடித்துக்கொண்டார்கள், நானும் அப்படியே.

அன்று இரவு வரைந்தேன். தொலைவில் கூட்டம், கரிக்கோடுகளாக. முன்னே இருவர் மட்டும். ஒருவரின் விரல் மற்றவரின் காதில். மகன் கட்டிலின் மேல் ஏறி நின்று பார்த்தான். அவன் முதலில் காட்டியது இயேசுவுக்குரிய சைகை. ஒரு கையின் நடுவிரலால் மற்றக் கையின் உள்ளங்கையைத் தொடுவார்கள், ஆணித் தழும்பைக் காட்டுவது போல. பிறகு, "இவருக்கும் கைப்பேச்சுத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். அவன் முகத்தில் தோன்றியதை எழுத எனக்குத் திறமை போதாது. பிறகு, "அப்புறம் என்ன நடந்தது?" என்றான்.

பொய் சொல்ல மனம் இல்லை. அவனுக்குக் காது கேட்டது, பேசினான் என்று சைகையால் சொன்னேன். 'எனக்கு ஏன் கேட்கவில்லை?' என்ற கேள்விக்காக அஞ்சிக் காத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை. படத்தில் உள்ள இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காது கேட்ட பிறகு அவன் கைப்பேச்சை மறந்துவிட்டானா? அவனுடைய பழைய நண்பர்களோடு யார் பேசினார்கள்?" என்று கேட்டான்.

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியாது.

அடுத்த அறையிலிருந்து என் அன்னையார் வந்து, பிள்ளை என்ன கேட்டான் என்று விசாரித்தார்கள். சொன்னேன். "அதெல்லாம் வேதத்துல எழுதல்லியே, மக்களே" என்று சொல்லிச் சற்று நேரம் நின்றார்கள். பிறகு சமையலறைக்குப் போனார்கள். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பால் கணக்கோடு அந்த மாதத் தாளைக் கிழித்துக் கொண்டுவந்து, வெள்ளைப் பக்கம் மேலாக இருக்கும்படி என் மகன் முன்னே தரையில் விரித்து வைத்தார்கள்.